கத்தரிப்பூச் சாயமும் சிங்கோனா மலையும்

அன்புள்ள ஐயா,
தலவாக்கலைப் பக்கம் ஒரு பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். அம்மாவின் பழைய கத்தரிப்பூ நிறச் சேலையை வகுப்புக்குக் கொண்டுபோய், 1856இல் லண்டனில் 18 வயது வில்லியம் பெர்கின் மலேரியாவுக்கான கொயினா மருந்தைச் செயற்கையாகச் செய்யப்போக, செயற்கைச் சாயம் கிடைத்த கதையைச் சொன்னேன். "அப்ப அது அதிர்ஷ்டம்தானே டீச்சர்?" என்றான் ஒரு மாணவன். ஆமாம் என்றேன். சரிதானா? சேலையில் இருப்பதும் அதே சாயமா?

அன்புள்ள டீச்சர்,
அம்மாவின் சேலையை வகுப்புக்குத் தூக்கிக்கொண்டு போனீர்களே, அதற்காகவே உங்களைப் பிடித்துவிட்டது. அதே சாயம் இல்லை. புதுச் சாயங்கள் வந்து பெர்கினின் சாயத்தைச் சில வருடங்களிலேயே ஓரங்கட்டிவிட்டன.

ஆனால் அந்த "ஆமாம்" எனக்குக் கோபமூட்டுகிறது. குடுவையில் கறுப்பாக ஏதோ படிந்தது, அவ்வளவுதான் அதிர்ஷ்டம். வேறு யாராவது கழுவி ஊற்றியிருப்பார்கள். பெர்கின் என்ற அந்தப் பையன் அதை மதுசாரத்தில் கரைத்து, பட்டுத் துணியைத் தோய்த்து, சவர்க்காரம் போட்டும் வெயிலில் வைத்தும் பார்த்து, ஸ்கொட்லாந்தில் ஒரு சாயக்காரருக்கு மாதிரி அனுப்பி, அதே ஆகஸ்ட்டில் காப்புரிமைக்குப் போட்டு, மறுவருடம் கிரீன்ஃபோர்டில் தொழிற்சாலையும் தொடங்கினான். பருத்தியில் சாயம் பிடிக்கவில்லை. தனின் என்ற துவர்ப்புப் பொருளைச் சேர்த்துப் பிடிக்கவைத்தான். இதெல்லாம் அதிர்ஷ்டமா?

சரி, அவன் ஏன் கொயினா செய்யப் போனான் என்று பிள்ளைகளுக்குச் சொன்னீர்களா? மலேரியா இருந்த நாடுகளையெல்லாம் பிடித்து வைத்திருந்த வெள்ளைக்காரனுக்கு அந்த மருந்து இல்லாமல் முடியாது, அதை எடுக்கிற சிங்கோனா மரப்பட்டையோ தென்னமெரிக்காவின் அந்தீஸ் மலையிலிருந்து வரவேண்டும். குடுவையில் செய்யும் முயற்சி தோற்றது. இன்னொரு வழி, மரத்தையே கொண்டுவந்து நடுவது. 1861இல் அப்படித் தொடங்கிய சிங்கோனாத் தோட்டம்தான், நாம் ரோஜா பார்க்கப் போகிற, நுவரெலியாவுக்குப் பக்கத்து ஹக்கல பூங்கா! பக்கத்திலேயே இருந்துகொண்டு கதையை லண்டனோடு முடித்துவிட்டீர்களே, டீச்சர்.

எங்கள் தோட்டத்தில் ஒரு மலைக்குச் சிங்கோனா மலை என்று பெயர். எனக்குத் தெரிய அங்கே தேயிலைதான். அப்பாயி அதில் கொழுந்தெடுத்தவர். காய்ச்சல் வந்தால் என் மூக்கைப் பிடித்துக் கொயினாத் தண்ணீரை ஊற்றுவார், துப்பினால் இன்னொரு தரம் ஊற்றுவார். அந்தக் கசப்புக்கும் அந்த மலைக்கும் சம்பந்தம் உண்டென்று அவருக்கும் தெரியாது, எனக்கும் யாரும் சொல்லித் தரவில்லை. கோப்பிக்குப் பிறகு தேயிலை என்று ஒரே தாவாகத் தாவித்தான் எங்களுக்குப் படிப்பித்தார்கள். 1869இல் கோப்பி இலையில் துரு நோய் கண்டு தோட்டங்கள் அழிய, துரைமார் விழுந்தடித்துச் சிங்கோனா நட்டார்கள். எல்லோரும் நட்டதில் 1880களில் பட்டை விலை படுத்தது. அப்புறம்தான் தேயிலை மலைமலையாகப் பரவியது. நட்டதும் பட்டை உரித்ததும் யார்? தென்னிந்தியாவிலிருந்து கடல் தாண்டி மன்னாரில் இறங்கி மாத்தளைக்குக் காட்டுவழியே நடந்து, காய்ச்சலிலும் வாந்திபேதியிலும் கூட வந்தவர்களைப் பாதையோரம் புதைத்துவிட்டு வந்தவர்கள். காய்ச்சலுக்கான பட்டையை உரித்துக் காயவைத்துக் கப்பலேற்றியதும் அவர்கள் கைதான். விக்டோரியா மகாராணி பெர்கினின் கத்தரிப்பூ நிறத்தில் உடுத்திய கதையை எல்லோரும் எழுதுகிறார்கள், இதை எழுத ஆளில்லை.

அந்த மாணவனைக் கூப்பிட்டு, "நான் ஆமாம் என்றது பிழை" என்று சொல்லிவிடுங்கள். பரீட்சையில் 'தற்செயல்' என்று எழுதினால்தான் புள்ளி என்றால், அங்கே மட்டும் எழுதிவிட்டு வரட்டும்.