கணவன், மனைவி இருவரும் வேலைக்குப் போகும் வாடகை வீட்டில் இரண்டு பூனைக்குட்டிகள் வளர்க்க முடியுமா?

(கேள்வியின் விவரம்: சென்னையில் மூன்றாவது மாடி, இரண்டு பெட்ரூம் வீடு. மனைவிக்குப் பூனை என்றால் உயிர். கணவருக்கு நாற்றமும் தூக்கக் கேடும் பயம். பின்னால் சண்டை வராமல் எப்படிச் சமாளிப்பது?)

தாராளமாக வளர்க்கலாம். ஒரே ஈற்றில் பிறந்த இரண்டு குட்டிகளாக எடுத்தால் இன்னும் நல்லது. பகல் முழுக்க வீட்டில் ஆள் இல்லாதபோது ஒன்றுக்கொன்று துணையாக விளையாடும். கடிப்பதில் எவ்வளவு வலிக்கும் என்பதையும் ஒன்றிடமிருந்து ஒன்று கற்றுக்கொள்ளும். தாயிடமிருந்து 8 வாரத்துக்கு முன் பிரிக்காதீர்கள், 12 வாரம் வரை விட்டுவைத்தால் இன்னும் சிறப்பு.

பூனை வீட்டில் தம்பதிக்குள் வரும் சண்டை பெரும்பாலும் பூனையால் வருவதில்லை, "இன்னைக்கு யார் பூனைக் கழிவை அள்ளுறது" என்பதில்தான் வருகிறது. அதனால் சில வேலைகளை முழுக்க ஒருவர் கையில் கொடுத்துவிடுங்கள். சிலவற்றை இருவரும் கட்டாயம் தெரிந்து வைத்திருங்கள். எது எது என்று போகப் போகச் சொல்கிறேன்.

குட்டியைக் கொண்டுவருவதற்கு முன் மூன்று காரியம். ஒன்று, ஒவ்வாமை. ஒவ்வாமைக்குக் காரணம் முடி இல்லை. பூனையின் எச்சிலிலும் தோலின் எண்ணெய்ச் சுரப்பியிலும் இருக்கும் ஒரு புரதம். அதனால் "முடி கொட்டாத ஜாதி" என்று சொல்லி விற்பவர்களை நம்ப வேண்டாம். பூனை இருக்கும் நண்பர் வீட்டில் இருவரும் நாலைந்து தடவை போய் இரண்டு மணி நேரம் உட்கார்ந்து வாருங்கள். மூக்கடைப்பு, கண் அரிப்பு, இளைப்பு வந்தால் அப்போதே தெரிந்துவிடும். இரண்டு, வீட்டு ஓனரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவது. மூன்று, பால்கனி.

பால்கனியில் இங்கே புறாவுக்கு அடிக்கும் நைலான் வலை பூனைக்குப் போதாது. கடித்து ஓட்டை போட்டுவிடும். கண்ணி பெரிதாக இருந்தால் குட்டி தலையை நுழைக்கும், தலை போன இடத்தில் உடம்பும் போய்விடும். ஒரு இஞ்சுக் கண்ணியுள்ள இரும்பு வெல்டு மெஷ் அடிப்பதே சரி. ஓனர் ஆணியடிக்க விடவில்லை என்றால் பால்கனிக் கதவு எப்போதும் மூடியே இருக்கட்டும். சன்னலில் பிளாஸ்டிக் கொசுவலை இருந்தால் அதையும் நம்பாதீர்கள், காக்காவைப் பார்த்த வேகத்தில் கிழித்துக்கொண்டு வெளியே பாய்ந்துவிடும். மாடியிலிருந்து விழுந்தாலும் பூனைக்கு ஒன்றும் ஆகாது என்பது கதை. தாடை உடையும், நுரையீரல் அடிபடும்.

இனி நாற்றம். முறையாகச் செய்தால் வீட்டில் பூனை இருப்பதே வாசனையில் தெரியாது. நாறினால் எங்கோ ஒரு தப்பு நடக்கிறது என்று அர்த்தம்.

பூனைகளின் எண்ணிக்கையோடு ஒன்று கூட்டி அத்தனை லிட்டர் பாக்ஸ் (பூனை மலஜலம் கழிக்கும் மணல் தொட்டி) வைப்பதுதான் வழக்கம். இரண்டு பூனைக்கு மூன்று. ஒரே மூலையில் மூன்றையும் அடுக்கினால் பூனையின் கணக்கில் அது ஒன்றுதான். வேறு வேறு இடத்தில் வையுங்கள்: அதிகம் பயன்படுத்தாத பாத்ரூமில் ஒன்று, ஹால் மூலையில் ஒன்று, இரண்டாவது பெட்ரூமில் ஒன்று. வாஷிங் மெஷின் பக்கத்தில் வைக்காதீர்கள்; ஸ்பின் ஓடும்போது ஒருதடவை மிரண்டால் அப்புறம் அந்தப் பக்கம் வராது. கடையில் விற்கும் மூடி போட்ட அழகான பாக்ஸ் நம் மூக்குக்காகச் செய்தது. உள்ளே புழுங்கும் நாற்றத்தைப் பல பூனைகள் வெறுக்கும். 55, 60 செ.மீ. நீளமுள்ள சாதாரண பிளாஸ்டிக் டப் வாங்கி, ஒரு பக்கம் மட்டும் 10 செ.மீ. உயரம் இருக்கும்படி வெட்டி, விளிம்பைத் தேய்த்துவிட்டால் போதும்.

மணலுக்கு வாசனை சேர்க்காத, நனைந்தால் கட்டியாகும் பென்டோனைட் களிமண்தான் சிக்கனம். ரொம்பச் சின்னக் குட்டிகள் அதைத் தின்று பார்க்கும், அதனால் முதல் சில வாரம் கட்டியாகாத வகை போடுங்கள். 5 முதல் 7 செ.மீ. ஆழம் இருக்க வேண்டும். மிச்சம் பிடிக்கிறேன் என்று 3 செ.மீ. போட்டால் சிறுநீர் அடிவரைக்கும் இறங்கி டப்பில் ஒட்டிக்கொள்ளும், நாற்றத்தின் ஊற்று அங்கேதான். சோயாவில் செய்யும் டோஃபு மணல் எடை குறைவு, தூசியும் குறைவு. ஆனால் ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் பூஞ்சை பிடிக்கும். மழைக்காலத்தில் ஒரே மூட்டையாக வாங்கிக் குவிக்காதீர்கள்.

காலையில் ஒருமுறை, இரவில் ஒருமுறை அள்ள வேண்டும். திங்கள் நீ, செவ்வாய் நான் என்று முறை வைத்தால் மூன்றாவது வாரம் குழம்பும். காலை ஒருவருக்கு, இரவு மற்றவருக்கு என்று நேரத்தைப் பிரித்துக்கொள்ளுங்கள். அள்ளியதைக் கவரில் கட்டிக் குப்பையில் போடுங்கள். டாய்லெட்டில் கொட்டினால் களிமண் குழாய்க்குள் ஊறி அடைத்துக்கொள்ளும், கீழ்வீட்டுக்காரரும் சண்டைக்கு வருவார். அள்ளிய அளவுக்குப் புது மணல் சேர்த்து, இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை எல்லாவற்றையும் கொட்டிவிட்டு டப்பைப் பாத்திரம் கழுவும் சோப்பும் சுடுநீரும் போட்டுக் கழுவி வெயிலில் காய வையுங்கள்.

டப்பையோ தரையையோ ஃபினாயில் போட்டுக் கழுவக் கூடாது, இதை வேலைக்கு வரும் அக்காவிடமும் சொல்லி வையுங்கள். கறுப்போ வெள்ளையோ, ஃபினாயிலும் பல கிருமிநாசினித் திரவங்களும் பூனைக்கு ஆகாது, பலவற்றில் அதன் கல்லீரலால் கையாள முடியாத வேதிப்பொருட்கள் உண்டு. ஈரத் தரையில் நடந்து, பிறகு பாதத்தை நக்குவதால் உடம்புக்குள் போகும். தரைக்குச் சோப்புத் தண்ணீர் போதும்.

மெத்தையில், சோபாவில் சிறுநீர் கழித்துவிட்டால் தண்ணீர் ஊற்றித் துடைத்து ஊதுபத்தி ஏற்றுவது பயனில்லை. சிறுநீரிலுள்ள யூரிக் அமிலப் படிகம் தண்ணீரில் கரையாது, ஈரக்காற்று வந்ததும் மறுபடி நாறும். அதைச் சிதைக்கும் என்சைம் கிளீனர் வாங்கி, சிறுநீர் எவ்வளவு ஆழம் இறங்கியதோ அவ்வளவு ஆழம் நனைத்து, 15 நிமிடம் விட்டு, ஒற்றி எடுத்துத் தானாகக் காய விடுங்கள். அம்மோனியா கலந்த கிளீனர் பூனைக்குச் சிறுநீர் வாசனையாகவே தெரியும், அதே இடத்துக்குத் திரும்ப வரும். ஒழுங்காக லிட்டர் பாக்ஸில் போய்க்கொண்டிருந்த பூனை திடீரென்று அதற்கு வெளியே கழித்தால் திட்டுவதை விட்டுவிட்டு முதலில் டாக்டரிடம் காட்டுங்கள். வலி இருக்கலாம்.

சாப்பாடு ஒருவர் கையில் இருக்க வேண்டிய வேலை. அலுவலகத்திலிருந்து முதலில் வருபவரிடம் பட்டினி கிடந்த முகத்தைக் காட்டும், அடுத்து வருபவரிடமும் அதையே காட்டும். கருத்தடை செய்த 4 கிலோ பூனைக்கு நாளுக்குச் சுமார் 200, 220 கலோரி போதும். ட்ரை ஃபுட் 100 கிராமில் பெரும்பாலும் 350 முதல் 400 கலோரி இருக்கும். ஆக 55 கிராம். அல்லது 35 கிராம் ட்ரை ஃபுட்டோடு ஒரு பாக்கெட் வெட் ஃபுட். பாசத்தில் தினமும் 10 கிராம் கூடுதலாகப் போட்டால் அதுவே அன்றைய தேவையில் ஆறில் ஒரு பங்கு மிகுதி. கப்பால் அளக்காமல் சமையலறைத் தராசில் நிறுத்து, இரண்டு டப்பாவில் காலையே போட்டுவிடுங்கள். டப்பா காலியானால் அன்றைய கணக்கு முடிந்தது, யார் போட்டார் என்று கேட்கவே வேண்டாம். குட்டிகளுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது: எடைக்கு ஏற்பப் பார்த்தால் பெரியவற்றைவிட அதிகம் தின்னும், நாளுக்கு மூன்று நான்கு வேளை வேண்டும். பாக்கெட்டில் போட்டிருக்கும் அட்டவணையைப் பாருங்கள்.

இருவரில் ஒருவர் சைவம் என்றால் இங்கே ஒரு இடி விழும். பூனையைத் தயிர்சாதத்தில் வளர்க்க முடியாது. டாரின் என்ற அமினோ அமிலம் அதன் உடம்பில் போதிய அளவு உற்பத்தியாகாது, இறைச்சியிலிருந்துதான் வர வேண்டும். இல்லாவிட்டால் இதயத் தசை தளரும், பார்வை போகும். அடுப்பில் மீன் வேகக் கூடாது என்பது வீட்டு வழக்கமானால் பாக்கெட் உணவே இருவருக்கும் பொதுவான வழி. அசைவ வீடானால் உப்பு, மஞ்சள், மசாலா போடாமல் வேகவைத்த கோழியோ மீனோ கொஞ்சம் தரலாம், ஒரு நாள் உணவில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம். பச்சை மத்தி தினமும் போடுவது தவறு, அதிலுள்ள ஒரு நொதி வைட்டமின் பி1-ஐ அழிக்கும். வெந்தால் அந்த நொதி போய்விடும். குழம்பில் வெந்தது வேண்டவே வேண்டாம், சின்ன வெங்காயமும் பூண்டும் பூனையின் சிவப்பணுக்களை உடைக்கும். பால் பெரும்பாலான வளர்ந்த பூனைகளுக்கு வயிற்றுப்போக்குதான் தரும்.

தூக்கத்துக்கு வருவோம். பூனை விடியலிலும் அந்தியிலும் துடிப்பாக இருக்கும் பிராணி. நாலரை மணிக்கு முகத்தில் தட்டும்போது ஒருவர் பொறுக்காமல் எழுந்து ஒரு பிடி போட்டால், மறுநாள் நாலேகாலுக்கு வரும். பத்து நாள் கண்டுகொள்ளாமல் இருந்து பதினோராவது நாள் போட்டால் இன்னும் மோசம்: விடாமல் கத்தினால் கிடைக்கும் என்று பாடம் படித்துவிடும். இரவு பத்து மணிக்குக் குச்சியில் இறகு கட்டி 10, 15 நிமிடம் மூச்சு வாங்க ஓடவிட்டு, உடனே அன்றைய கடைசி உணவைக் கொடுங்கள். வேட்டை, சாப்பாடு, தூக்கம் என்பதுதான் அதன் வரிசை. இதற்கும் அடங்காவிட்டால் ஐந்தரை மணிக்கு நேரம் வைத்த ஆட்டோமேட்டிக் ஃபீடர் வாங்குங்கள், பூனை உங்களை விட்டு மெஷினை எழுப்பப் போகும். படுக்கையறைக்குள் விடுவதா இல்லையா என்பதை முதல் நாளே இருவரும் முடிவு செய்து, மாற்றாதீர்கள். ஒருவர் நைட் ஷிப்ட் போன அன்று மட்டும் விடுவது கதவைப் பிராண்டுவதற்குப் பயிற்சி.

இருவருக்கும் மனப்பாடமாக இருக்க வேண்டியவை சில உண்டு. பாரசிட்டமால் ஒரே மாத்திரை பூனையைக் கொன்றுவிடும், காய்ச்சல் போல் இருக்கிறது என்று கொடுக்காதீர்கள், கீழே விழுந்ததைத் தேடி எடுங்கள். நாய்க்கு உண்ணி போகப் பிடரியில் விடும் பெர்மெத்ரின் சொட்டு மருந்தைப் பூனைக்கு விட்டால் வலிப்பு வரும். பூங்கொத்தில் லில்லி வந்தால் வாசலோடு திருப்பி அனுப்புங்கள், மகரந்தத்தை நக்கினாலே சிறுநீரகம் போகும். தலையில் வைத்து எடுத்த மல்லிகைச் சரத்தை டிரெஸ்ஸிங் டேபிளில் விடக் கூடாது. பூவால் கெடுதல் இல்லை, கட்டிய நூலால்தான். நூலை விழுங்கினால் குடல் சுருக்குப்பை மாதிரி சுருண்டு கிழியும். வாயிலோ ஆசனவாயிலோ நூல் தொங்கினால் இழுக்காமல் அப்படியே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். வாஷிங் மெஷினை ஓடவிடும் முன் உள்ளே கைவிட்டுப் பாருங்கள்.

தடுப்பூசி 6 முதல் 8 வாரத்தில் தொடங்கி, 3, 4 வார இடைவெளியில் 16 வாரம் வரை; 12 வாரத்தில் ரேபிஸ். கருத்தடை 5, 6 மாதத்துக்குள். அண்ணன் தங்கைக் குட்டிகள்தானே என்று தள்ளிப்போடாதீர்கள். அவை உறவுமுறை பார்க்காது, நாலு மாதத்திலேயே பெண் குட்டி பருவத்துக்கு வரலாம். தாமதித்தால் ஆண் பூனை சுவரெங்கும் சிறுநீரைப் பீய்ச்சும், அந்த நாற்றத்துக்கு எந்த மணலும் உதவாது.

காலையிலும் இரவிலும் அள்ளும்போது சிறுநீர்க் கட்டிகளை எண்ணுங்கள். ஒரு பூனைக்கு நாளுக்கு 2 முதல் 4 இருக்கும். ஆண் பூனை திரும்பத் திரும்பப் போய் உட்கார்ந்து, முனகி, ஒன்றும் வராமல் எழுந்தால் சிறுநீர்க் குழாய் அடைத்துவிட்டது. விடிந்ததும் போகலாம் என்று காத்திருக்கக் கூடாது, ஓரிரு நாளில் உயிர் போகும். இரண்டு நாள் சாப்பிடாத பூனைக்கும், குறிப்பாகக் குண்டுப் பூனைக்கு, கல்லீரலில் கொழுப்பு ஏறும். சென்னையில் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. அதோடு வீட்டருகே இரவில் திறந்திருக்கும் கிளினிக்கின் எண்ணை இருவர் போனிலும் போட்டுவையுங்கள். கேரியர் கூடையைப் பரண்மேல் ஏற்றாமல் ஹாலில் துண்டு விரித்துத் திறந்தே வைத்தால் அவசரத்துக்குத் தானே ஏறிக்கொள்ளும்.

பூனை பிராண்டினாலோ கடித்தாலோ ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு அரசு மருத்துவமனைக்குப் போங்கள். வீட்டுப் பூனைதானே என்று விடவேண்டாம்.

குழந்தை உண்டானதும் இரு வீட்டுப் பெரியவர்களும் "பூனையை யாருக்காவது கொடுத்துடு" என்பார்கள். அவர்கள் பயப்படுவது, கருவைப் பாதிக்கக்கூடிய டாக்ஸோபிளாஸ்மா கிருமிக்கு. பூனை வாழ்நாளில் பெரும்பாலும் ஒரே ஒரு தடவை, ஓரிரு வாரங்கள் மட்டுமே மலத்தில் அதை வெளியேற்றும். வெளியேறிய கிருமிக்குத் தொற்றும் திறன் வர 1 முதல் 5 நாள் ஆகும். தினமும் அள்ளிவிட்டால் அந்த வாய்ப்பே பெரும்பாலும் போய்விடும். வெளியே போகாமல் பாக்கெட் உணவு தின்னும் பூனைக்கு அது வருவதே அரிது. சரியாக வேகாத இறைச்சியும் கழுவாத காய்கறியும்தான் அதிக ஆபத்து. பிரசவம் வரை காலை, இரவு இரண்டு முறையும் லிட்டர் வேலை கணவருடையது. கர்ப்ப ரத்தப் பரிசோதனையில் இதையும் பார்க்கச் சொல்லி மகப்பேறு மருத்துவரிடம் கேளுங்கள், மாமியாரிடம் காட்ட ஒரு காகிதம் கிடைக்கும்.

பொங்கலுக்கு ஊருக்குப் போகும்போது பூனைகளைத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டாம், அவற்றுக்கு மனிதரைவிட இடம் முக்கியம். நம்பகமான ஒருவரிடம் சாவி கொடுத்து தினம் இரண்டு வேளை வரச் சொல்லுங்கள். ஆட்டோ ஃபீடரை மட்டும் நம்பி விட்டுப்போகாதீர்கள், கரண்ட் போனால் நின்றுவிடும், பேட்டரியும் போட்டு வையுங்கள். தீபாவளிக்கு இருவரில் ஒருவராவது வீட்டில் இருப்பது நல்லது. சன்னல் இல்லாத உள்ளறையில் கேரியரும் ஒரு லிட்டர் பாக்ஸும் வைத்து, மாலை ஐந்து மணிக்கே உள்ளே விட்டுக் கதவைச் சாத்திவிடுங்கள்.