கல்யாணத்துக்கு முன் வெள்ளை ஊசியும் மூக்குக்கு ஃபில்லரும் போடலாமா?

கேள்வி: எனக்கு 25 வயது. சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்தில் இருக்கிறோம். ஆறு மாதத்தில் கல்யாணம். வீட்டுக்கே வந்து வெள்ளையாக ஊசியும், மூக்குத் தண்டு எடுப்பாகத் தெரிய ஃபில்லரும் போடும் ஓர் அக்கா இருக்கிறார். கிளினிக் விலையில் பாதிகூட இல்லை. போடலாமா? இதையெல்லாம் எப்படி யோசித்து முடிவு செய்வது?

பதில்: அந்த அக்காவிடம் போடாதீர்கள், தங்கச்சி. முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். மற்றதை நிதானமாகப் பேசலாம்.

நானும் சுங்கை சிப்புட்காரிதான். டவுனில் ஒரு தனியார் கிளினிக்கில் பல வருஷமாக நர்ஸ் வேலை பார்க்கிறேன். அழகு சிகிச்சை எதுவும் நாங்கள் செய்வதில்லை. ஆனால் வேறு எங்கோ செய்துகொண்டு முகம் வீங்கிப்போய் வருகிறவர்கள் முதலில் வந்து நிற்பது எங்களைப் போன்ற சின்ன கிளினிக்கில்தான். ஊசி போட்டவர் அதற்குள் ஈப்போவுக்கோ கே.எல்.லுக்கோ திரும்பியிருப்பார். வாட்ஸ்அப்பில் நீலக் கோடு விழும், பதில் வராது. அதனால் யாராவது என்னிடம் யோசனை கேட்டால் விலையைப் பற்றி நான் பேசுவதே இல்லை. "ராத்திரி பதினொரு மணிக்கு ஏதாவது ஆனால் யாரைக் கூப்பிடுவாய்?" இதைத்தான் முதலில் கேட்பேன்.

ஆசைப்படுவதைத் தப்பென்று சொல்ல வரவில்லை. "கறுப்பா இருந்தாலும் களையா இருக்கா" என்று சொல்லிச் சொல்லியே வளர்க்கப்பட்ட பெண்கள் நாம். அந்தப் பேச்சைக் கேட்டு வளர்ந்த பிள்ளை கல்யாண ஃபோட்டோவை நினைத்துக் கவலைப்படுவது எனக்குப் புரியாமல் இல்லை. மூக்கைச் சரிசெய்துகொள்வது உங்கள் முகம், உங்கள் உரிமை. ஆனால் தெரிந்து செய்ய வேண்டும்.

மூக்கு ஃபில்லரிலிருந்து, அதாவது மூக்கை எடுப்பாக்கத் தோலுக்கடியில் ஊசியால் ஏற்றும் நிரப்பு மருந்திலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் அதுதான் இருப்பதிலேயே ஆபத்தானது. மூக்குத் தண்டிலும் புருவ நடுவிலும் ஓடும் சின்ன ரத்தக் குழாய்களுக்குக் கண்ணுக்குப் போகும் குழாயோடு தொடர்பு உண்டு. ஊசி முனை தவறிப்போய்க் குழாய்க்குள் இறங்கினால், மருந்து ரத்த ஓட்டத்துக்கு எதிராகத் தள்ளப்பட்டுக் கண்ணின் குழாயை அடைத்துவிடும். பார்வை நிமிடக் கணக்கில் போய்விடும், பெரும்பாலும் திரும்பாது. கண்ணுக்குப் போகாமல் தோலுக்குப் போகும் குழாய் அடைத்தால், அந்த இடம் முதலில் வெளுக்கும், பிறகு வலை வலையாக ஊதா நிறம் படியும், கடைசியில் மூக்கு நுனி அழுகும். கைதேர்ந்த டாக்டருக்கும் இது நடக்கலாம். வித்தியாசம் என்னவென்றால், அவர் பார்த்த உடனே அடையாளம் கண்டுகொள்வார், ஃபில்லரைக் கரைக்கும் ஹயலூரோனிடேஸ் என்ற மருந்தும் அவர் கையில் இருக்கும். அதுகூட ஹயலூரோனிக் அமில வகை ஃபில்லரைத்தான் கரைக்கும். உங்கள் அக்கா பையில் கொண்டு வருவது என்ன வகை என்று அவருக்கே தெரியுமா? வீட்டில் அந்த மருந்து இல்லாமல், ஈப்போ ஆஸ்பத்திரிக்குக் காடி பிடித்து ஓடுவதிலேயே கண்ணைக் காப்பாற்றும் நேரம் போய்விடும்.

அடுத்து வெள்ளை ஊசி. குளூட்டாதயோன், விட்டமின் சி என்று சொல்லிக் கையில் ட்ரிப் போல ஏற்றுவார்கள். தோலை வெளுக்க வைக்கும் ஊசி மருந்து என்று மலேசியாவில் ஒன்றுகூடப் பதிவு செய்யப்படவில்லை. இதை நம் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான என்பிஆர்ஏவும் சுகாதார அமைச்சும் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கின்றன. ஆக, யார் போட்டாலும் அது வெளுக்க வைப்பதற்கென்று பதிவாகாத சரக்குதான். ஒருமுறை ஒரு பெண் வாந்தியும் உடம்பெல்லாம் தடிப்புமாக வந்தபோது, போட்ட குப்பியை டிஷ்யூவில் சுற்றி ஹேண்ட்பேக்கில் கொண்டு வந்திருந்தார். லேபிள் முழுக்கக் கொரிய எழுத்து. இங்கே பதிவான மருந்தில் எம்ஏஎல் என்று தொடங்கும் எண்ணும் ஹோலோகிராம் ஸ்டிக்கரும் இருக்க வேண்டும். இரண்டும் இல்லை. காலாவதித் தேதி இருக்க வேண்டிய இடத்தில் வேறொரு வெள்ளை ஸ்டிக்கர். நகத்தால் சுரண்டினேன். அடியில் அச்சிட்டிருந்த தேதி எப்போதோ முடிந்திருந்தது. டாக்டர் அதைக் கையில் வைத்துக்கொண்டு, "உள்ளே என்ன இருந்ததுன்னு தெரிஞ்சால்தானேம்மா நான் முறிவு கொடுக்க முடியும்" என்றார். அந்தப் பெண் அழுதது இன்னும் எனக்கு ஆறவில்லை.

பசார் மாலாமில் விற்கும் டப்பா கிரீமும் இதே கதைதான். பாதரசம், ஹைட்ரோகுயினோன், ட்ரெடினோயின், ஸ்டீராய்டு கலந்த கிரீம்களை என்பிஆர்ஏ அடிக்கடி தடை செய்கிறது. பாதரசம் சிறுநீரகத்தைக் கெடுக்கும். ஸ்டீராய்டு முதல் சில வாரம் முகத்தைப் பளபளவென்று ஆக்கும், பிறகு தோலை மெலிய வைத்து, வெயில் பட்டாலே எரிய வைக்கும். டப்பாவில் 'நோட்' என்று தொடங்கும் எண் இருந்தால் நல்லது, ஆனால் அதை அரசாங்கம் சோதித்துக் கொடுத்த சான்றிதழ் என்று நினைக்காதீர்கள். கம்பெனி தானாக அறிவித்து வாங்குவது அது. எண்ணை என்பிஆர்ஏ இணையதளத்தில் தட்டிப் பார்த்தால் பெயராவது ஒத்துப்போகிறதா என்று தெரியும்.

சரி, முறையாகச் செய்வதென்றால் யாரிடம்? ஃபேஸ்புக்கில் வெள்ளைக் கோட்டு போட்டிருப்பவரெல்லாம் டாக்டர் அல்ல. மலேசிய மருத்துவ மன்றத்தின் இணையதளத்தில் பெயரைப் போட்டால் பதிவு இருக்கிறதா, இந்த வருஷத்துக்கான தொழில் சான்றிதழ் இருக்கிறதா என்று பார்த்துவிடலாம். சாதாரண டாக்டர் போட்டாக்ஸ், ஃபில்லர், லேசர் செய்ய வேண்டுமானால் சுகாதார அமைச்சு தரும் எல்சிபி என்ற அனுமதிக் கடிதம் வேண்டும். "டாக்டர், உங்க எல்சிபியைப் பார்க்கலாமா?" என்று கேளுங்கள். வைத்திருப்பவர் கோபப்பட மாட்டார். கத்தி வைக்கும் வேலை, அதாவது மூக்கு அறுவை, கொழுப்பு உறிஞ்சுதல் போன்றவற்றை எல்சிபி வைத்திருந்தாலும் சாதாரண டாக்டர் செய்யக் கூடாது. அதற்குத் தேசிய நிபுணர் பதிவேட்டில் பெயர் உள்ள அறுவை நிபுணர் வேண்டும். 2020இல் கோலாலம்பூரில் ஓர் அழகு நிலையத்தில் கொழுப்பு உறிஞ்சிக்கொண்ட இளம் பெண் உயிரிழந்த செய்தி உங்களுக்கும் ஞாபகம் இருக்கலாம். பதிவில்லாத இடத்தில் சிகிச்சை நடத்தினால் 1998ஆம் ஆண்டு தனியார் சுகாதாரச் சட்டப்படி ஒருவருக்கு 3 லட்சம் ரிங்கிட் வரை அபராதமோ ஆறு வருஷம் வரை சிறையோ இரண்டுமோ உண்டு. அவருக்குத் தண்டனை கிடைப்பதால் உங்கள் மூக்கு திரும்பி வராது என்பது வேறு விஷயம்.

டாக்டரிடம் போகும்போது நம் தோலைப் பற்றி நீங்களேதான் எடுத்துச் சொல்ல வேண்டும். காது குத்திய இடத்திலோ, தோளில் பிசிஜி ஊசி போட்ட இடத்திலோ உங்களுக்கோ அம்மாவுக்கோ சதை மேடாக வளர்ந்ததுண்டா? அது கீலாய்டு. உடம்பில் எங்கே கத்தி பட்டாலும் அப்படியே வளரலாம். நம்மைப் போன்ற மாநிறத்துக்கும் கறுப்புக்கும் எல்லா லேசரும் ஒத்துவராது. தப்பான கருவியை, தப்பான அளவில் வைத்தால் இருந்த கறுப்பு இரண்டு மடங்காகும். வெயிலில் வெளிக்காட்டு வேலை செய்தவர்களுக்கும் பிள்ளை பெற்றவர்களுக்கும் கன்னத்தில் வரும் மங்கு, சூட்டுக்கு இன்னும் கூடும். "என்னைப் போல நிறமுள்ளவங்களுக்குச் செய்த ஃபோட்டோ காட்டுங்க" என்று கேளுங்கள். சீன, கொரிய முகங்களின் ஃபோட்டோவைக் காட்டினால் அது உங்களுக்கான பதில் இல்லை.

கழுத்தைச் சுற்றிக் கறுத்து, வெல்வெட் துணி மாதிரி தடித்திருப்பதை வெளுக்க வைக்க ரொம்பப் பேர் பணம் கொட்டுகிறார்கள். அது அழுக்கில்லை, பல சமயம் உடம்பில் இன்சுலின் சரியாக வேலை செய்யாததன் அடையாளம். இந்த நாட்டில் இனிப்புநீர் அதிகம் இருப்பது நம் இந்தியர்களிடம்தான். ஒரு ரத்தப் பரிசோதனை செய்து சர்க்கரையைக் கட்டுப்படுத்தி, எடையைக் குறைத்தால் கழுத்துக் கறுப்பு தானே மங்கும். அறுவைக்கு முன்பும் சர்க்கரை பார்க்க வேண்டும், அது கூடியிருந்தால் புண் எளிதில் ஆறாது.

ஃபில்லருக்குப் பதில் மூக்கு அறுவையே செய்துகொள்ளலாம் என்று நினைத்தால், கல்யாணத் தேதியைப் பற்றியும் சொல்ல வேண்டும். மூக்கு அறுவைக்குப் பிறகு வீக்கம் பெரும்பகுதி சில வாரத்தில் வடிந்தாலும், முழு வடிவம் தெரிய ஒரு வருஷம்கூட ஆகும். திருத்தம் வேண்டுமென்றாலும் அதற்குப் பிறகுதான் கை வைப்பார்கள். ஆறு மாதத்தில் கல்யாணத்தை வைத்துக்கொண்டு இதில் இறங்கினால் வீங்கிய மூக்கோடுதான் மணவறையில் உட்கார வேண்டி வரும். தாலி ஏறிய பிறகு, ஒரு வருஷம் கழித்தும் அதே ஆசை இருந்தால் அப்போது செய்யுங்கள். முதல் நாளே "முன்பணம் கட்டினால் டிஸ்கவுண்ட்" என்று அவசரப்படுத்தும் இடத்தை விட்டு எழுந்து வாருங்கள். "இது உங்களுக்குத் தேவையில்லை" என்று சொல்லத் துணிந்த டாக்டரிடம் திரும்பப் போகலாம்.

பணம்: பெரும்பாலான மெடிக்கல் கார்டுகள் அழகு சிகிச்சைக்கும் அதனால் வரும் சிக்கலுக்கும் கொடுப்பதில்லை. கூட்டுச் சீட்டுப் பணத்தை எடுத்து மூக்குக்குக் கொடுத்துவிட்டால் கெட்டுப்போனதைச் சரிசெய்யக் கையில் காசு இருக்காது. தீக்காயம், பிளந்த உதடு போன்றவை வேறு. அவை அழகுக்கான அறுவை இல்லை, அரசாங்க ஆஸ்பத்திரியிலேயே நிபுணரிடம் அனுப்புவார்கள். வெட்கப்படாமல் கிளினிக்கில் கடிதம் கேளுங்கள்.

இதைப் படிப்பவர்களில் யாராவது ஏற்கெனவே போட்டுக்கொண்டிருந்தால் ஒரு விஷயம். ஃபில்லர் போட்ட இடம் வெளுத்தாலோ, தாங்க முடியாமல் வலித்தாலோ, பார்வை மங்கினாலோ, விடியட்டும் என்று காத்திருக்காமல் பெரிய ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவுக்கு நேராகப் போங்கள். என்ன போட்டார்கள், எத்தனை மணிக்குப் போட்டார்கள் என்று மறைக்காமல் சொல்லுங்கள், யாரும் திட்ட மாட்டார்கள். குப்பி, பெட்டி, ரசீது, ஊசி போட்டவரின் வாட்ஸ்அப் செய்தி எல்லாவற்றையும் கையோடு எடுத்துப் போங்கள். டாக்டருக்கும் அது உதவும், பிறகு பேராக் மாநில சுகாதார இலாகாவில் புகார் கொடுக்கும்போதும் அதைத்தான் கேட்பார்கள்.