விழாத ட்ரோனில் விரிசல் ஏன்?

கேள்வி: என் ட்ரோன் ஒருமுறைகூட விழுந்ததில்லை. ஆனாலும் மோட்டார் ஸ்குரூக்களைச் சுற்றி மயிரிழை விரிசல்கள். தயாரிப்புக் கோளாறா?

பதில்: இருக்கலாம். வார்ப்பிலேயே இறுக்கம் தங்கிவிட்ட பிளாஸ்டிக், கூர்மையான உள்மூலைகள் எல்லாம் விரிசலுக்குத் தோதானவைதான். ஆனால் நான் முதலில் சந்தேகப்படுவது ஸ்குரூ டிரைவரை. புரொப்பல்லர் காவலோ மோட்டாரோ மாற்றும்போது 'இன்னும் ஒரு திருகு' என்று இறுக்கினால் துளையின் விளிம்பு எந்நேரமும் இழுபட்டுக்கொண்டே இருக்கும், பறக்காமல் அலமாரியில் கிடந்தாலும்கூட. அப்புறம், ஸ்குரூ கழலாமலிருக்கத் திரெட்லாக்கர் (மரையில் விடும் திரவப் பசை) போட்டீர்களா? உலோகத்துக்கு உலோகம் என்றால் அது சரி. பாலிகார்பனேட், ஏபிஎஸ் பிளாஸ்டிக்கில் பட்டால், ஏற்கெனவே இறுக்கத்தில் இருக்கும் இடத்தை அது விரிசல்விட வைத்துவிடும். அசிட்டோன் போன்ற துடைக்கும் திரவங்களும் அப்படித்தான், வெயிலும் தன் பங்குக்கு பிளாஸ்டிக்கை மொறமொறப்பாக்கும்.

லென்ஸ் வைத்துப் பாருங்கள். விரிசல் துளையிலிருந்து கதிர்போல வெளியே ஓடினால் ஸ்குரூவோ ரசாயனமோதான். ட்ரோனின் கை (மோட்டாரைத் தாங்கும் நீட்டம்) அதன் உடலோடு சேரும் இடத்தில் குறுக்கே ஓடினால், நுனி பிய்ந்த புரொப்பல்லரின் அதிர்வு அல்லது தொப்பென்ற தரையிறக்கங்கள். எதுவானாலும் பசை வைத்து ஒப்பேற்றாமல் அந்தக் கையையே மாற்றுங்கள், அதுவரை பறக்கவிடாதீர்கள்.