யாருக்கு அதிக முக்கியம்: அளக்க முடியுமா?

கேள்வி: ஏற்காட்டில் நாகலூர் பக்கம் அப்பா விட்டுப்போன ஒன்றரை ஏக்கர் காப்பித் தோட்டம் இருக்கிறது. வாரிசு அண்ணனும் நானும்தான். பிரித்தால் இருவருக்கும் உதவாது. "உன்னைவிட எனக்குத்தான் அது முக்கியம்" என்கிறார் அண்ணன். நானும் அதையே சொல்கிறேன். பொருளியலில் இதை அளக்க வழி உண்டா?
– வாசகி, அம்மாபேட்டை, சேலம்

பதில்: ஒருவருடைய ஆசையை மட்டும் என்றால் அளக்கலாம். 1944-இல் கணிதவியலாளர் வான் நாய்மனும் பொருளியலாளர் மார்கன்ஸ்டெர்னும் காட்டிய முறை இது. தோட்டம் கிடைத்தால் 100, ஒன்றுமே இல்லையென்றால் 0 என்று வையுங்கள். 10 லட்சம் ரொக்கமா, தோட்டத்துக்கான குலுக்கல் சீட்டா என்று கேளுங்கள். சீட்டு விழும் வாய்ப்பை ஏற்றி இறக்கி, "எதுவானாலும் சரி" என்று அவர் சொல்லும் இடத்தில் நிறுத்துங்கள். அது நூற்றுக்கு 60 என்றால், அவருக்கு 10 லட்சத்தின் பயன்பாடு, அதாவது அதை அவர் விரும்பும் அளவு, 60.

ஆனால் அந்த 0-வும் 100-ம் நாமே வைத்தவை. சேலத்து வெயில் 40 டிகிரி செல்சியஸ் என்றாலும் 104 ஃபாரன்ஹீட் என்றாலும் ஒன்றுதான். மாற்றிக்கொள்ளச் சூத்திரம் இருக்கிறது. அண்ணனின் அளவுகோலை உங்களுடையதாக மாற்ற அப்படி எதுவும் இல்லை. 1932-இல் பொருளியலாளர் லயனல் ராபின்ஸ் வலியுறுத்தியதும் இதைத்தான். அடுத்தவர் இடத்தில் நம்மை வைத்துப் பார்த்து ஒப்பிடலாம் என்றார் பின்னர் வந்த பொருளியலாளர் ஜான் ஹர்சானி. பஞ்சாயத்துப் பேச வரும் பெரியவரும் அதைத்தான் செய்கிறார். ஆனால் அவர் யார் பக்கம் என்பதே அடுத்த தகராறாகிவிடும்.

ஒப்பிடாமலே நியாயமாக முடிக்க, போலந்துக் கணிதவியலாளர் க்னாஸ்டரின் மூடிய உறை முறை இருக்கிறது. முழுத் தோட்டமும் தனக்கு எவ்வளவு பெறும் என்று ஆளுக்கொரு தொகை எழுதி உறையிலிட்டு, இரண்டையும் ஒரே நேரத்தில் பிரியுங்கள். அண்ணன் 24 லட்சம், நீங்கள் 18 லட்சம் என்று வைப்போம். தோட்டம் அண்ணனுக்கு. தன் தொகையில் பாதி 12 லட்சத்தை அவர் வைக்க, உங்கள் தொகையில் பாதி 9 லட்சத்தை நீங்கள் எடுக்கிறீர்கள். மீதி 3 லட்சம் ஆளுக்குப் பாதி. உங்களுக்கு 10.5 லட்சம், அண்ணனுக்கும், அவர் கணக்கில், 13.5 லட்சம் மிஞ்சும். இருவருக்குமே தன் பாதியைவிட அதிகம்.

பணம் கூட வரட்டும் என்று 23 எழுதிவிடாதீர்கள். அண்ணன் 20 எழுதியிருந்தால் தோட்டம் உங்கள் தலையில் விழும்; உங்களுக்கு உண்மையில் 18 லட்சமே பெறும் தோட்டத்தில், 10.75 லட்சம் கொடுத்தபின் மிஞ்சுவது 7.25 லட்சம்தான். 18 என்றே எழுதியிருந்தால் 9.5 லட்சம் வந்திருக்கும். உறை ரகசியமாக இருந்தால்தான் முறை நிற்கும். செடியில் நிற்கும் காயும், சில்வர் ஓக்கில் ஏறிய மிளகுக் கொடியும் சேர்த்தியா என்பதை முதலிலேயே எழுதிவையுங்கள். இல்லையென்றால் இருவரும் வெவ்வேறு சரக்குக்கு விலை போட்டதாகிவிடும்.

ஒரு குறையை மறைக்கக் கூடாது. எழுதும் தொகை ஆசையை மட்டுமல்ல, கையிருப்பையும் காட்டும். அதே ரூபாய் இல்லாதவருக்குப் பெரிது என்று 1738-இலேயே கணிதவியலாளர் டேனியல் பெர்னூலி காட்டிவிட்டார். வசதி குறைந்தவர் தயங்காமல் எழுத, தவணைக்கும் வட்டிக்கும் உறை போடுமுன் ஒப்புக்கொள்ளுங்கள். விட்டுக்கொடுப்பவர், பணம் முழுதாகக் கைக்கு வந்த பிறகே விடுதலைப் பத்திரத்தைப் பதிவு செய்யட்டும்.