அடிக்காத ஷாக் – கடிதம்

வணக்கம்,

அப்பாவுக்கு 56 வயது. பாம்பனில் விசைப்படகு டிரைவர். போன வருடம் மதுரையில் ஐசிடி வைத்தார்கள், இதயம் ஆபத்தாகத் துடித்தால் ஷாக் அடித்துச் சரிசெய்ய மார்பில் பதிக்கும் மிஷின். நான்கு மாதம் முன்பு, கடலில் எஞ்சின் பக்கம் நிற்கும்போது ஷாக் அடித்தது. அதன்பின் படகில் ஏறவில்லை. கண் அசரும்போது ‘அடிச்சிருச்சு’ என்று அலறி எழுகிறார். ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு ஒன்றும் அடிக்கவில்லை என்கிறார்கள். அவர் அருகில் படுக்கவே அம்மா பயப்படுகிறார். ஏர்வாடி தர்காவுக்குக் கூட்டிப்போகச் சொல்கிறார்கள் சொந்தக்காரர்கள். இது மனநோயா?

ஆர்., பாம்பன்

அன்புள்ள ஆர்,

அப்பா பொய் சொல்லவில்லை. ஒருமுறை அடி வாங்கியவர்களுக்கு இப்படி வருவதுண்டு, தூக்கம் சொக்கும் நேரத்தில் குறிப்பாக. மிஷின் சும்மா இருக்கும். உடம்பு நிஜமாகவே தூக்கிப் போடும். ‘ஒன்றும் அடிக்கவில்லை’ என்று மொட்டையாகச் சொல்லி அனுப்பினால், நடிக்கிறாய் என்றுதான் அவர் காதில் விழும்.

அலறி எழும் ஒவ்வொரு முறையும் தேதி, மணி, நிமிடம் குறித்துவையுங்கள். ஐசிடி தான் அடிக்கும் ஷாக்கை நேரத்தோடும், அந்த நேரத்துத் துடிப்பின் கோட்டோடும் சேமித்து வைக்கிறது. அடுத்த செக்கப்பில் அந்தப் பதிவைத் திரையில் காட்டச் சொல்லுங்கள். உங்கள் தாளையும் திரையையும் அவரே ஒப்பிட்டுப் பார்க்கட்டும்.

கடலில் அடித்ததற்கான காரணத்தையும் அப்போதே கேளுங்கள். பலர் இதைக் கேட்பதே இல்லை. இதயத்தின் கீழறையில் எழுந்த ஆபத்தான துடிப்பா, மேலறைத் துடிப்பைத் தப்பாக எடுத்துக்கொண்டதா, வயர் பழுதா, வெளி மின்சாரமா என்று கோட்டைப் பார்த்தே பெரும்பாலும் சொல்லிவிடலாம். எஞ்சின்தான் அடித்தது என்று அப்பா முடிவுகட்டியிருந்தால், படகு பயத்தின் வேர் அங்கேதான். தப்பான ஷாக் என்றால் செட்டிங்கை மாற்றலாம். எவ்வளவு வேகமான துடிப்புக்கு அடிக்க வேண்டும் என்ற வரம்பை உயர்த்துவதும் சற்றுக் காத்திருந்து அடிக்கச் செய்வதும் தேவையற்ற சிகிச்சையைக் குறைக்கும் என்று 2012இல் வெளியான மேடிட்-ரிட் ஆய்வு காட்டியது.

அடிக்கும் நேரத்தில் அம்மா தொட்டிருந்தாலும் லேசாகச் சுருக்கென்று இருக்கும், அவ்வளவே.

சுக்கான் பிடிப்பது டாக்டர் அனுமதித்த பிறகுதான்; மயக்கம் வந்தால் படகில் எல்லோருக்கும் ஆபத்து. ஆனால் கட்டிக்கிடக்கும் படகில் போய் உட்காரலாம், வலை பார்க்கலாம். விலக விலகப் பயம் கூடும். ஓடும் எஞ்சினின் டைனமோவிலிருந்து மார்பு ஓரடியாவது தள்ளியிருக்கட்டும்.

இதைச் சுவரில் ஒட்டுங்கள்: ஒருமுறை அடித்து உடம்பு சரியாக இருந்தால், அன்றே ஆஸ்பத்திரிக்கு போன். ஒரே நாளில் இரண்டு அடித்தாலோ, ஒன்றே அடித்து மயக்கம், நெஞ்சுவலி, மூச்சுத்திணறல் இருந்தாலோ 108.

தர்காவுக்குப் போவது உங்கள் விருப்பம், மாத்திரை மட்டும் நிற்கக் கூடாது. ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநல மருத்துவரையும் பாருங்கள். பேச்சு சிகிச்சை இதற்கு உதவும். இதய மாத்திரைச் சீட்டைக் கையோடு கொண்டுபோங்கள். மனநல மாத்திரைகளில் சில துடிப்பைக் குலைப்பவை.