பக்கத்து வார்டு எது, பக்கத்து ஊர் எது? வாசகர் கேள்வி பதில்

கேள்வி: சேலம் மாநகராட்சியின் வார்டு வரைபடம் கணினியில் இருக்கிறது. ஒரு வார்டில் டெங்கு காய்ச்சல் கண்டால் அதை ஒட்டிய வார்டுகளிலும் தொட்டி, டிரம், பழைய டயர் எல்லாம் பார்த்துவிட்டு வருகிறோம். எந்த வார்டுக்கு எவை பக்கம் என்று மூன்று முறை கண்ணால் பார்த்து எழுதினேன், மூன்று பட்டியலும் வேறு வேறாக வருகின்றன. 60 வார்டுக்கும் சரியாக எடுக்க வழி உண்டா? கூகுள் மேப்ஸில் முடியுமா?
- வாசகி, அஸ்தம்பட்டி

பதில்: கூகுள் மேப்ஸ் வழி காட்டும், ஓர் இடத்தைத் தேடினால் சில சமயம் எல்லையைக் கோடு போட்டும் காட்டும். ஆனால் இதை ஒட்டி என்னென்ன இருக்கின்றன என்று கேட்டால் அதனிடம் பட்டியல் கிடைக்காது. அதற்கு க்யூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருள் வேண்டும். காசு கொடுக்க வேண்டாம். 2002-இல் கேரி ஷெர்மன் என்பவர் தொடங்கியது, இன்று உலகம் முழுக்கப் பலர் சேர்ந்து வளர்க்கிறார்கள், சாதாரண மடிக்கணினியிலேயே ஓடும்.

முதலில் ஒரே ஒரு வார்டில் செய்து பாருங்கள். உங்கள் வார்டைச் சொடுக்கித் தேர்ந்தெடுங்கள், அது மஞ்சளாகும். வெக்டர் மெனுவில் ரிசர்ச் டூல்ஸ், அதற்குள் செலக்ட் பை லொக்கேஷன். மேலேயும் கீழேயும் அதே வார்டு அடுக்கை, அதாவது வார்டு எல்லைகள் இருக்கும் லேயரை, கொடுத்து, 'டச்' (தொடுகிறது) என்பதில் மட்டும் டிக் வைத்து, தேர்ந்தெடுத்ததோடு மட்டும் ஒப்பிடு என்ற கட்டத்தையும் டிக் செய்து ஓட்டினால், மஞ்சள் உங்கள் வார்டை விட்டுச் சுற்றியிருக்கும் வார்டுகளுக்குத் தாவும். அவைதான் பக்கத்து வார்டுகள்.

சரி, 60-க்கும் ஒரே தடவையில் வேண்டும் என்றால் ஃபீல்ட் கால்குலேட்டரைத் திறந்து, எழுத்து வகையில் புதிய பத்தி (அட்டவணையின் நெடுவரிசை) ஒன்று போட்டு, ஓவர்லே டச்சஸ் என்ற கட்டளையில் வார்டு அடுக்கின் பெயரையும் வார்டு எண் இருக்கும் பத்தியின் பெயரையும் கொடுங்கள். வருவது ஒரு தொகுப்பு, அதை அரே டு ஸ்ட்ரிங் என்ற கட்டளைக்குள் வைத்தால் காற்புள்ளி போட்ட வரிசையாக விழும். ஓவர்லே டச்சஸ் கட்டளை க்யூஜிஐஎஸ் 3.16 பதிப்பிலிருந்துதான் இருக்கிறது, அதைவிடப் பழையது வைத்திருந்தால் புதிதாக இறக்கிக்கொள்ளுங்கள்.

இனி உங்கள் மூன்று பட்டியல் கதை. பெரும்பாலும் மூலைகள்தான் காரணமாக இருக்கும். நான்கு வார்டு ஒரு முக்கில் கூடும் இடத்தில், எதிர் மூலையில் இருப்பவை ஒரே ஒரு புள்ளியில்தான் தொடுகின்றன. அதைப் பக்கம் என்று ஒரு நாள் எழுதுவோம், மறுநாள் விட்டுவிடுவோம். இத்துறையில் இதற்குச் சதுரங்கப் பெயரே வைத்திருக்கிறார்கள். கோட்டில் தொட்டால் யானை அண்டை, மூலையில் தொட்டாலும் சேர்த்துக்கொண்டால் ராணி அண்டை. க்யூஜிஐஎஸ்ஸின் 'டச்' ராணி வகை, மூலையையும் சேர்த்துத்தான் சொல்லும். உங்கள் வேலைக்கு அதுவே சரி, கொசு மூலையில் நின்று யோசிக்காது. இன்னும் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. டெங்குக் கொசு பொதுவாகச் சில நூறு மீட்டருக்குள்தான் சுற்றும், ஆகவே காய்ச்சல் கண்ட வீட்டைப் புள்ளியாக வைத்து 400 மீட்டர் வட்டம் போட்டு, அதற்குள் எந்தெந்த வார்டின் எந்தெந்தத் தெரு வருகிறது என்று பார்ப்பது வார்டுப் பட்டியலைவிட நல்லது. பெரிய வார்டின் கடைசித் தெரு வரை நடக்கிற அலைச்சலும் குறையும்.

மறக்காமல் ஒன்று: மாநகராட்சியின் விளிம்பில் இருக்கும் வார்டுகளுக்கு இந்தப் பட்டியல் அரைகுறைதான். உங்கள் அடுக்கில் 60 வார்டு மட்டும் இருப்பதால் எல்லைக்கு வெளியே உலகமே இல்லை என்று மென்பொருள் நினைத்துக்கொள்ளும். ஒட்டியிருக்கும் ஊராட்சிகளையும் அதே அடுக்கில் சேர்த்துவிட்டு ஓட்டுங்கள்.

கேள்வி: ஏற்காடு மலைக் கிராமங்களின் எல்லையை நானும் நண்பரும் பாதிப் பாதியாக வரைந்தோம். படத்தில் பார்த்தால் எங்கள் ஊரைச் சுற்றி ஐந்து கிராமம் இருக்கிறது, 'டச்' ஒன்றே ஒன்றைத்தான் காட்டுகிறது. மென்பொருளில் கோளாறா?
- கல்லூரி மாணவர், நாகலூர்

பதில்: கோளாறு கோட்டில் இருக்கிறது. எல்லையில் ஒரு இடத்தைப் பிடித்து, ஒன்றுக்கு ஐம்பது அளவு வரை பெரிதாக்கிப் பாருங்கள். தூரத்தில் ஒரே கோடாகத் தெரிந்தது இப்போது இரண்டாகப் பிரிந்திருக்கும், நடுவே வெள்ளையாக ஒரு கீற்று. மலையில் எல்லை பல இடத்தில் ஓடையை ஒட்டிப் போகும். நீங்கள் ஓடையின் இந்தக் கரையில் வரைந்திருப்பீர்கள், நண்பர் அந்தக் கரையில் வரைந்திருப்பார், நடுவே இரண்டு மூன்று மீட்டர் யாருக்கும் இல்லாத நிலம். இன்னும் கொஞ்சம் நகர்த்தினால் இதற்கு நேர்மாறாக இரண்டு ஊரும் ஒன்றின்மேல் ஒன்று ஏறியிருக்கும். இரண்டுமே 'டச்' இல்லை. விளிம்பு தொட வேண்டும், உள்பகுதி கலக்கக் கூடாது என்பதுதான் அதன் இலக்கணம், அரை அடி இடைவெளி இருந்தாலும் இல்லை என்றே சொல்லும்.

ஆகவே முதலில் உருவப் பிழைகளைத் திருத்தும் ஃபிக்ஸ் ஜியாமெட்ரீஸ் ஓட்டுங்கள், அப்புறம் ஸ்னாப் ஜியாமெட்ரீஸ் டு லேயர். எவ்வளவு தூரத்துக்குள் இருப்பதை ஒட்ட வைக்கலாம் என்று கேட்கும். மூன்று மீட்டர், ஐந்து மீட்டர் என்று சிறிதாகத் தொடங்குங்கள். ஒரேயடியாக ஐம்பது கொடுத்தால் ஒடுக்கமான நிலத்துண்டுகள் மடிந்து போய்விடும். முடிந்தபின் டோப்பாலஜி செக்கரில் இடைவெளி, மேற்பொருந்தல் இரண்டு விதியையும் போட்டு மிச்சம் இருப்பதைக் கையால் சரிசெய்யுங்கள். அவசரமாகப் பட்டியல் மட்டும் வேண்டும் என்றால், ஒவ்வோர் ஊரையும் ஐந்து மீட்டர் பஃபர் போட்டு வீங்க வைத்து, 'டச்'சுக்குப் பதில் 'இன்டர்செக்ட்' (எங்காவது சேர்கிறதா) கேட்டால் போதும். ஆனால் ஆய்வுக்கு என்றால் கோட்டைச் சரிசெய்வதுதான் முறை, அந்த உழைப்பு அடுத்து அந்தப் படத்தைத் தொடுகிற எல்லோருக்கும் பயன்படும்.

ஊர்ப் பெயர்களைத் தமிழில் வைத்திருப்பதாக எழுதியிருந்தீர்கள், மனம் நிறைந்தது. அதில் ஒரு சங்கடம் வரும், முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். ஷேப்ஃபைல் என்ற வரைபடக் கோப்பு வகையில் எழுத்துப் பத்திக்கு 254 பைட்டுதான் இடம். தமிழின் ஒவ்வொரு குறியும் யூனிகோடில் 3 பைட் எடுக்கும். மாரமங்கலம் என்று எழுத மட்டும் 30 பைட். அந்த நீளத்தில் எட்டுப் பெயர் போட்டால் இடம் தீர்ந்தது, ஒன்பதாவது ஊர் சத்தமில்லாமல் வெட்டுப்படும், அதை நீங்கள் பக்கத்து ஊரே இல்லை என்று எடுத்துக்கொள்வீர்கள். ஜியோபேக்கேஜ் என்ற கோப்பு வகையில் சேமியுங்கள், இந்தத் தொல்லை கிடையாது.

கேள்வி: ஐந்து மீட்டர் பஃபர் கொடுத்தால் மாவட்டத்தையே விழுங்குகிற வட்டம் வருகிறது. ஏன்?
- வாசகர், மேட்டூர்

பதில்: உங்கள் அடுக்கு மீட்டரில் இல்லை, டிகிரியில் இருக்கிறது. ஒரு டிகிரி அட்சரேகை ஏறக்குறைய 111 கிலோமீட்டர், நீங்கள் கேட்டது ஐந்து டிகிரி. மீட்டரில் அளக்கும் யுடிஎம் மண்டலத்துக்கு மாற்றிவிட்டுப் போடுங்கள். இரண்டு மண்டலங்களைப் பிரிக்கும் 78-வது தீர்க்கரேகை நம் மாவட்டத்தின் ஊடாகவே போகிறது. சேலமும் ஏற்காடும் 44 வடக்கில் விழும், மேட்டூர், எடப்பாடி, சங்ககிரி 43 வடக்கில். மாவட்டம் முழுவதும் வேண்டும் என்றால் 44 வடக்கையே, அதாவது மென்பொருளில் இபிஎஸ்ஜி 32644 என்ற எண்ணையே, வைத்துக்கொள்ளலாம், இந்த அளவுக்கு வித்தியாசம் பெரிதாக இருக்காது.

கேள்வி: சேலத்துக்குக் கிழக்கே விழுப்புரம் என்று என் கணினி சொல்கிறது. மாணவர்கள் கள்ளக்குறிச்சி என்கிறார்கள். யார் சரி?
- ஆசிரியை, வாழப்பாடி

பதில்: மாணவர்கள்தான் சரி. நீங்கள் இறக்கியது 2011 கணக்கெடுப்புக் காலத்து எல்லையாக இருக்கும், கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானது 2019-இல். இதை வைத்தே ஒரு வகுப்பு எடுக்கலாம். 1997-க்கு முந்திய படத்தில் நாமக்கல் சேலத்துக்குள் இருக்கும், 1965-க்கு முந்தியதில் தர்மபுரியும் ஓசூரும் சேலம்தான், அப்போது நம் வடக்குப் பக்கத்து வீடு மைசூர் மாநிலம். எந்த வருடத்துப் படம் என்று கேட்காமல் பக்கத்து மாவட்டம் எது என்று கேட்கவே முடியாது. அடுக்கின் பெயரிலேயே வருடத்தை எழுதி வையுங்கள்.

கேள்வி: அடிவாரத்தில் இருக்கும் எங்கள் ஊருக்கு மேலே ஒரு மலைக் கிராமம் பக்கத்து ஊராக வருகிறது. ஆனால் அங்கே போக அரை நாள் ஆகிறதே?
- வாசகர், குப்பனூர்

பதில்: எல்லை தொடுகிறது, பாதை தொடவில்லை. இரண்டும் வேறு வேறு கேள்வி. வரைபடம் தட்டை, அதில் சேர்வராயன் மலையின் செங்குத்துச் சரிவு ஒரு கோடு மட்டுமே. வண்டியில் போக வேண்டும் என்றால் உங்கள் ஊரிலிருந்து கொட்டச்சேடு வழியாக ஏற வேண்டும், அல்லது சேலம் வந்து 20 கொண்டை ஊசி வளைவு ஏற வேண்டும், மேலே போய்த் திரும்பவும் இறங்க வேண்டும். ரேஷன், ஆம்புலன்ஸ், பள்ளிக்கூடம் இதற்கெல்லாம் பக்கம் பார்ப்பவர்கள் 'டச்' பட்டியலை நம்பித் திட்டம் போடக் கூடாது என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். யாரும் திருத்தக்கூடிய இலவச வரைபடமான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பிலிருந்து சாலைகளை இறக்கி, க்யூஜிஐஎஸ்ஸில் நெட்வொர்க் அனாலிசிஸ் பகுதியில் குறுகிய பாதையைக் கணக்கிடுங்கள். தூரத்தை மட்டும் எடுக்காமல் மலைச்சாலைக்கு வேகத்தை மணிக்கு 20, 25 கிலோமீட்டர் என்று குறைத்துப் போட்டு நேரத்தைக் கேளுங்கள். உங்கள் ஊர்க்காரர்கள் ஏறும் ஒற்றையடிப் பாதை அந்தப் படத்தில் இல்லையென்றால், ஒருமுறை கைபேசியில் ஜிபிஎஸ்ஸைப் போட்டுக்கொண்டு நடந்து, அதை ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் நீங்களே சேர்த்துவிடுங்கள்.