அந்த வேட்டித் துணியை யார் பொறுக்குகிறார்கள்?

கேள்வி: எனக்கு வயது 41. ஊர் பாபநாசம் பக்கம், வேலை கும்பகோணத்தில். நான்கு வருடமாக ஆயில் பெயின்டிங் செய்கிறேன். கூடத்தை ஒட்டிய அறையில்தான் வரைவது. டர்பன்டைன் வாடையால் தலைவலி என்று அம்மா தினமும் குறை சொல்கிறார். "தஞ்சாவூர்ப் படமாவது போட்டால் கல்யாணம் காட்சிக்குக் கொடுக்கலாம்" என்கிறார். நான் வீண் செலவு செய்பவன் இல்லை. பிரஷ் துடைக்கக்கூட காலமான அப்பாவின் பழைய வேட்டிகளைத்தான் கிழித்துக்கொள்கிறேன். துடைத்துப் போட்டதையும் அம்மா காலையில் பொறுக்கி, கொல்லையில் வெந்நீர் அடுப்புக்குப் பக்கத்தில் சேர்த்து வைத்துவிடுகிறார். என் கலையை அவருக்கு எப்படிப் புரியவைப்பது?
– பெயர் வேண்டாம்

பதில்: தம்பி, "வீட்டில் என் கலையை மதிப்பதில்லை" என்று மாதம் இரண்டு கடிதமாவது வருகிறது. வீணை, நாடகம், கவிதை, இப்போது ஆயில் பெயின்ட். ஆறுதல் எழுதி எழுதி எனக்கு அலுத்துவிட்டது. உங்கள் சிக்கனத்துக்குச் சாட்சியாக ரெண்டு வரி எழுதினீர்களே, என் கண் அதைத் தாண்டிப் போகவில்லை.

முதலில் தீயைப் பற்றிப் பேசுவோம். பெயின்டில் இருக்கும் ஆளி விதை எண்ணெய் தண்ணீர் மாதிரி ஆவியாகி உலர்வதில்லை. காற்றிலிருக்கும் ஆக்சிஜனை இழுத்துக்கொண்டு இறுகுகிறது, இறுகும்போது சூடு கிளப்புகிறது. கேன்வாஸில் மெல்லிய பூச்சாக இருப்பதால் அந்தச் சூடு வந்த சுவடு தெரியாமல் போய்விடும். சுருட்டிக் குவித்த துணியிலோ வெளியேற வழி கிடையாது. உள்ளுக்குள்ளேயே ஏறி ஏறி, சில மணி நேரத்தில் தீக்குச்சி இல்லாமலே பற்றிக்கொள்ளக்கூடும். ஈரம் காயாத வைக்கோலைப் போர் போட்டால் உள்ளே கை வைக்க முடியாமல் கொதிக்குமே, பாபநாசத்துக்காரருக்கு இதை நான் சொல்லித்தர வேண்டுமா? இதுவரை ஒன்றும் ஆகாதது உங்கள் சாமர்த்தியமும் இல்லை. அந்தக் குவியலை வைத்திருப்பது அடுப்புக்குப் பக்கத்தில். அதன் முன்னால் விடியற்காலையில் குந்தி ஊதுகிறவர் உங்கள் அம்மா. டியூபில் காட்மியம், லெட் ஒயிட் என்று ஏதாவது நச்சு உலோக நிறம் போட்டிருந்தால், அந்தத் துணி எரிந்தால் வருகிற புகையும் அவர் மூக்கில்தான் ஏறும்.

இனி அந்தத் துணியை அவர் தொடக் கூடாது. 41 வயது மகன் துடைத்தெறிந்ததைப் பெற்றவள் குனிந்து பொறுக்குவது எனக்கு எந்தக் காலத்திலும் ஒப்பாது. கலைஞனுக்கு வீட்டில் தனிச் சட்டம் உண்டு என்று நினைக்கிறவர்களோடு எனக்குப் பேச்சே கிடையாது. வரைந்து முடித்ததும் ஒவ்வொரு துண்டாக வெளியே கொடியில் விரித்துப் போடுங்கள், விறைக்கும் வரை கிடக்கட்டும். இல்லையென்றால் மூடி போட்ட தகர டின்னில் தண்ணீர் ஊற்றி முக்கி வையுங்கள். துடைக்கத் துணி வேண்டுமானால் தையல் கடையில் வெட்டுத்துணி மூட்டையாகவே கிடக்கும்.

தலைவலி என்று ஒருவர் சொல்வதைக் கலை விமர்சனமாக எடுத்துக்கொண்டது நீங்களாகத்தான் இருக்கும். டர்பன்டைன் ஆவி யார் தலையையும் வலிக்க வைக்கும். பிரஷை முதலில் துணியில் நன்றாகத் துடைத்து, கொஞ்சம் சமையல் எண்ணெயில் அலசி, பிறகு சோப்புப் போட்டுக் கழுவினால் டர்பன்டைன் செலவு பாதிக்கு மேல் குறையும். ஆனால் அந்த எண்ணெயைப் பெயின்டில் கலந்துவிடாதீர்கள். தேங்காயெண்ணெய் கலந்த படம் காயவே காயாது. கேன்வாஸை நிறுத்தி வைக்கும் ஈசல் ஸ்டாண்டைக் கொல்லைத் தாழ்வாரத்துக்குக் கொண்டுபோங்கள். வெளிச்சமும் அங்கேதான் நன்றாக இருக்கும்.

தஞ்சாவூர்ப் பட விஷயத்தில் மட்டும் நான் உங்கள் பக்கம். பலகையில் துணி ஒட்டி, சுக்கான் கல் பொடியைப் பசையில் குழைத்துப் பூசி, கல் பதித்து, தங்க ரேக்கு ஒட்டுவது வேறு கை, வேறு பழக்கம். கல்யாணத்துக்குக் கொடுக்க வசதி என்பதற்காக அதில் இறங்க முடியாது.

சரி, வேட்டிக்கு வருகிறேன். கிழிக்கும் முன் அம்மாவைக் கேட்டீர்களா? கேட்டிருந்தால் எழுதியிருப்பீர்கள். அப்புறம், அவர் அந்தத் துணிகளை "சேர்த்து வைக்கிறார்" என்றுதான் எழுதியிருக்கிறீர்கள். எரிக்கிறார் என்று கடிதத்தில் எங்கேயும் இல்லை. நான்கு வருடமாக, நீலமும் சிவப்பும் அப்பிய அந்தக் கரைத்துண்டுகளைக் காலையில் எழுந்து ஒவ்வொன்றாகப் பொறுக்குகிறவர் அடுப்பெரிக்கத்தான் வைக்கிறாரா, எரிக்க மனம் வராமல் வைக்கிறாரா? ஒரே வீட்டில் இருந்துகொண்டு இதை நீங்கள் கேட்கவில்லை. உங்கள் படத்தை மட்டும் அவர் புரிந்துகொள்ள வேண்டும்!

இந்த ஞாயிற்றுக்கிழமை கொல்லையில் உட்கார்ந்து அந்தக் குவியலை நீங்களே பிரித்துப் போடுங்கள். ஏதாவது ஒரு துண்டை அம்மா கேட்டால், எதற்கு என்று கேட்காமல் துவைத்துக் கொடுங்கள். பெட்டியில் கிழிக்காத வேட்டி இன்னும் எத்தனை இருக்கிறது என்று எண்ணி எனக்கு எழுதுங்கள். உங்கள் படத்தைப் பற்றி அப்புறம் பேசலாம்.